படியெடுத்தல்: சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கிரேடு 12 பிள்ளைகளுக்கு லைஃப் சயின்ஸ் எடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. வாரநாளில் மெட்ரிக் பிள்ளைகள் கேட்ட சந்தேகத்தையே சனிக்கிழமை பேரப்பிள்ளையைக் கூட்டிவரும் ஆயாக்களும், கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியும், தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களும் வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். எல்லாம் படியெடுத்தலைப் பற்றித்தான், அதாவது டி.என்.ஏ-வில் எழுதியிருப்பதைச் செல் ஆர்.என்.ஏ-வாக நகலெடுப்பதைப் பற்றி. ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது? எழுதி வைத்துவிட்டேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே போட்டிருக்கிறேன். முதல் சில கேள்விகள் எளிதாக இருக்கும். ஆனால் பின்னால் வருபவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன, தாண்டிப் போகாதீர்கள்.

டி.என்.ஏ, ஆர்.என்.ஏ ரெண்டும் ஒண்ணுதானே மேம், எதுக்கு ரெண்டு பேரு?

ஒரே குடும்பம், ஆனால் ஆள் வேறு. இரண்டுமே நான்கு எழுத்துகளைக் கோத்த நீண்ட சங்கிலிகள். டி.என்.ஏ-வின் எழுத்துகள் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். சுருக்கமாக ஏ, டி, ஜி, சி. ஆர்.என்.ஏ-வில் தைமின் இருக்க வேண்டிய இடத்தில் யுராசில் இருக்கும், அதை யூ என்று எழுதுவோம். டி.என்.ஏ இரண்டு இழைகள் முறுக்கிய கயிறு, ஆர்.என்.ஏ பெரும்பாலும் ஒற்றை இழை.

இன்னொரு வேறுபாட்டைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்களே தவிர அதன் காரணத்தைக் கேட்க மாட்டார்கள். ஆர்.என்.ஏ-வின் சர்க்கரையில் உள்ள ஓர் ஆக்சிஜன் அணு டி.என்.ஏ-வின் சர்க்கரையில் கிடையாது. அந்த ஆக்சிஜன் பக்கத்துப் பிணைப்பைத் தாக்கி அறுக்கக்கூடியது, அதனால் ஆர்.என்.ஏ சீக்கிரம் முறியும். எலும்புக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டு கிடந்த டி.என்.ஏ-வைப் படித்திருக்கிறார்கள். செல்லுக்குள் ஒரு தூது ஆர்.என்.ஏ-வின் (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் நகலின்) ஆயுள் பெரும்பாலும் நிமிடக் கணக்கு, மணிக் கணக்கு. இதைக் குறையாக நினைக்காதீர்கள், ஏன் என்பது ஒன்பதாவது கேள்வியில் வரும்.

டி.என்.ஏ-லயே எல்லாம் எழுதியிருக்குன்னா அதையே நேரா படிச்சுக்க வேண்டியதுதானே? நகல் எதுக்கு?

நம் வீடுகளில் பலர் ஒரு முறையாவது ஆவணக் காப்பகத்துக்குப் போயிருப்போம். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடு அங்கே இருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை வரி வரியாக எழுதியிருக்கும். உங்கள் பாட்டன் வரியின் நகலை வாங்கி வரலாம். பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வர முடியாது.

செல்லிலும் அப்படியே. பதிவேடு உட்கருவுக்குள் இருக்கிறது. நம் ஒரு செல்லின் டி.என்.ஏ-வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும், அதை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உருண்டைக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. புரதம் கட்டும் ரைபோசோம்கள் உட்கருவுக்கு வெளியே. தேவையான வரியை மட்டும் ஆர்.என்.ஏ-வாக எழுதி வெளியே அனுப்புவதற்குப் பெயர்தான் படியெடுத்தல்.

நகலால் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே வரியிலிருந்து ஆயிரம் நகல் எடுக்கலாம், ஒவ்வொரு நகலையும் பல ரைபோசோம்கள் மாறி மாறிப் படிக்கலாம். கல்யாண வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்தால் பந்தி நகராது.

யாரு எழுதுறா? உள்ள ஆளா உட்கார்ந்திருக்கு?

ஆர்.என்.ஏ பாலிமரேஸ் என்ற நொதி. நம் செல்களில் தூது ஆர்.என்.ஏ எழுதும் வகை பன்னிரண்டு புரதத் துண்டுகள் சேர்ந்த ஓர் எந்திரம், பார்ப்பதற்கு நண்டுக் கொடுக்கு மாதிரி. அந்தக் கொடுக்குக்கு நடுவில் டி.என்.ஏ நுழைகிறது. உள்ளே பத்துப் பன்னிரண்டு எழுத்து நீளத்துக்கு மட்டும் முறுக்கு பிரிந்து இழைகள் விலகும். ஒரு இழையின் எழுத்துகளைப் பார்த்து அவற்றின் ஜோடிகளைக் கோத்துக்கொண்டே போகும்: ஜி-க்கு எதிரே சி, சி-க்கு எதிரே ஜி, டி-க்கு எதிரே ஏ, ஏ-க்கு எதிரே யூ. புதிதாகக் கோத்த ஆர்.என்.ஏ எட்டு ஒன்பது எழுத்து தூரம் டி.என்.ஏ-வோடு ஒட்டியிருந்துவிட்டுப் பக்கவாட்டில் வெளியேறும். கடந்து போன இடத்தில் டி.என்.ஏ பழையபடி முறுக்கிக்கொள்ளும். பதிவேட்டில் ஒரு கீறல்கூட இருக்காது.

இதற்கான எரிபொருள் தனியாக வருவதில்லை. கோக்க வரும் ஒவ்வொரு எழுத்தும் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து வரும், அதில் இரண்டு கழன்று விழும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் கண்ணி பூட்டப்படுகிறது. கூலியைக் கையிலேயே கொண்டுவரும் செங்கல் என்று வகுப்பில் சொல்வேன், சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

எங்க ஆரம்பிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?

பதிவேட்டின் ஒரு வரி என்று சொன்னேனே, அதுதான் ஒரு மரபணு. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஊக்குவிப்பான் என்ற பகுதி இருக்கிறது. பாக்டீரியாவில் சிக்மா என்ற துணைப் புரதம் பாலிமரேஸின் கையைப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைக்கும். நம் செல்களில் காரியம் கொஞ்சம் ஆடம்பரம். பல மரபணுக்களில் தொடக்கத்துக்கு 25, 30 எழுத்து முன்னால் டி-ஏ-டி-ஏ என்ற எழுத்துத் தொடர் இருக்கும், அதை ஒரு புரதம் பிடித்து டி.என்.ஏ-வை மடக்கும். பின்னால் வேறு புரதங்கள் வந்து கூடும். கடைசியாகத்தான் பாலிமரேஸ் வந்து அமரும்.

அமர்ந்தாலும் உடனே ஓடாது. அதன் வால் பகுதியில் பாஸ்பேட் ஏற்றப்பட வேண்டும், அதுதான் பச்சைக் கொடி. பல மரபணுக்களில் முப்பது, ஐம்பது எழுத்து எழுதிவிட்டு நின்று இன்னொரு உத்தரவுக்குக் காத்திருப்பதும் உண்டு.

நிறுத்துறது?

பாக்டீரியாவில் ஆர்.என்.ஏ தானே கொண்டை ஊசி போல மடங்கிக் கழன்றுவிடும், அல்லது ரோ என்ற புரதம் துரத்தி வந்து கழற்றும். நம் செல்களில் ஏ-ஏ-யூ-ஏ-ஏ-ஏ என்ற குறி வந்ததும் நகல் வெட்டப்படும். பாலிமரேஸ் அதைத் தாண்டியும் சற்றுத் தூரம் ஓடிவிட்டுத்தான் விழும்.

பரீட்சையில ரெண்டு இழை குடுத்துருவாங்க மேம். எதைப் பாத்து எழுதணும்?

ஆண்டுதோறும் நவம்பரில் மதிப்பெண் பறிபோகும் இடம் இது. பாலிமரேஸ் பார்த்து எழுதும் இழைக்கு வார்ப்பு இழை என்று பெயர். எதிர் இழை சும்மா நிற்கும், ஆனால் நகல் அதைப் போலவே வரும். ரப்பர் ஸ்டாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பில் எழுத்து திரும்பியிருக்கும், காகிதத்தில் நேராக விழும். வார்ப்பு இழைதான் ஸ்டாம்பு.

வார்ப்பு இழை டி-ஏ-சி, ஜி-ஜி-ஏ என்று இருந்தால் ஆர்.என்.ஏ ஏ-யூ-ஜி, சி-சி-யூ. எதிர் இழை ஏ-டி-ஜி, சி-சி-டி. கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், டி இருந்த இடத்தில் யூ, மற்றபடி வித்தியாசம் இல்லை. வினாத்தாளில் எந்த இழை என்று எழுதியிருப்பதை விரலை வைத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். விடையில் டி என்ற எழுத்து வந்தால் உடனே அடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒரு நுணுக்கம்: பக்கத்து மரபணுவுக்கு மற்ற இழை வார்ப்பாக இருக்கலாம். இழை நிரந்தரமாக ஒன்று என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ரெப்ளிகேஷன், ட்ரான்ஸ்கிரிப்ஷன், ட்ரான்ஸ்லேஷன், மூணும் எனக்குக் குழம்புது.

தமிழில் சொல்லிப் பாருங்கள், குழப்பம் பாதி போய்விடும். இரட்டித்தல் என்றால் செல் பிரிவதற்கு முன் பதிவேடு முழுவதையும் இன்னொரு பதிவேடாக எழுதுவது. படியெடுத்தல் என்றால் ஒரு வரியை அதே எழுத்து முறையில் நகலெடுப்பது. மொழிபெயர்த்தல் என்றால் அந்த நகலை, புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலம் என்ற வேறு மொழிக்கு மாற்றுவது. முதல் இரண்டும் உட்கருவில், மூன்றாவது வெளியே ரைபோசோமில்.

ஒரு நகல் எடுக்க எவ்வளவு நேரம்?

நம் செல்களில் பாலிமரேஸ் நொடிக்கு ஏறக்குறைய 20 முதல் 60 எழுத்து வரை எழுதும். சிறிய மரபணு சில நிமிடத்தில் முடிந்துவிடும். தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் மரபணு 22 லட்சம் எழுத்து நீளம், அதற்கு ஒரு நகல் எடுக்க சுமார் 16 மணி நேரம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மறுநாள் விடியற்காலை இரண்டுக்கு முடியும்! முதல் நகல் முடியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாலிமரேஸ்கள் ஒரே மரபணுவில் ஓடலாம், தைப்பூசக் காவடி வரிசை மாதிரி.

எல்லா செல்லுக்கும் ஒரே டி.என்.ஏ-ன்னா, கண்ணு கண்ணா இருக்கு, ஈரல் ஈரலா இருக்கு, எப்படி?

இத்தனை கேள்வியிலும் எனக்குப் பிடித்தது இதுதான். இதைக் கேட்டவன் கடைசி பெஞ்சில் தூங்குகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பையன்.

புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் நம்மிடம் ஏறக்குறைய 20,000. ஈரல் செல் இன்சுலின் பக்கத்தைத் திறப்பதே இல்லை. கணையத்தின் பீட்டா செல் விடாமல் அதைப் படியெடுக்கிறது. கண்ணின் லென்ஸ் செல் கிரிஸ்டலின் என்ற புரதத்தின் பக்கத்தை ஓயாமல் நகலெடுக்கிறது. பதிவேடு ஒன்று, திறக்கும் பக்கங்கள் வேறு. திறக்காத பக்கங்கள் புரதச் சக்கரங்களில் இறுக்கிச் சுற்றப்பட்டு, சில இடங்களில் டி.என்.ஏ-வின் மேலேயே மெத்தில் என்ற முத்திரை குத்தப்பட்டு மூடிக்கிடக்கும். திறக்க வேண்டிய பக்கத்தை அடையாளம் காட்டும் புரதங்களுக்குப் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். எந்தக் காரணிகள் இருக்கின்றன என்பதுதான் ஒரு செல் ஈரலா கண்ணா என்று முடிவு செய்கிறது. நகலெடுப்பது பாலிமரேஸுக்குப் பழகிப்போன வேலை. எதை நகலெடுக்காமல் விடுவது என்பதில்தான் செல்லின் புத்தி இருக்கிறது.

ஆர்.என்.ஏ சீக்கிரம் முறிவது நல்லது என்று முதலில் சொன்னதற்கும் காரணம் இதுவே. பழைய நகல்கள் குவிந்து கிடந்தால் உத்தரவை மாற்ற முடியாது. சாப்பிட்டதும் ஒரு உத்தரவு, பட்டினியில் வேறு உத்தரவு என்று மாற்ற வேண்டுமானால் நேற்றைய சீட்டுகள் கிழிந்து போயிருக்க வேண்டும்.

சின்ன வயசுல பால் நல்லா குடிச்சேன். இப்ப குடிச்சா வயிறு ஊதுது. மாஸ் சாப்பிட்டா ஒண்ணும் பண்ணல. ஏம்மா?

ஒரு ஆயா கேட்டது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தையின் சிறுகுடலில் அதன் மரபணு ஓயாமல் படியெடுக்கப்படும். பால்குடி மறந்த பிறகு உலகில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் படியெடுப்பு குறைந்துவிடும். மரபணு கெட்டுப்போகவில்லை, பக்கத்தை மூடி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாகி வாயு கிளம்புகிறது. மாஸ் புளித்த பால். அந்த லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமிகள் முன்பே தின்று தீர்த்துவிட்டன.

சிலருக்கு வயதான பிறகும் பால் ஒத்துக்கொள்வது ஏன் என்பது இன்னும் சுவாரசியம். லாக்டேஸ் மரபணுவில் மாற்றம் எதுவும் இல்லை. அதிலிருந்து ஏறக்குறைய 14,000 எழுத்து தள்ளி, பக்கத்து மரபணுவின் உள்ளே ஒரே ஓர் எழுத்து, சி இருந்த இடத்தில் டி. அந்த இடம் தூரத்திலிருந்து லாக்டேஸ் பக்கத்தைத் திறந்து பிடிக்கும் கொக்கி. டி.என்.ஏ வளைந்து அந்தக் கொக்கி ஊக்குவிப்பானுக்கு அருகில் வருகிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இதே எழுத்து மாற்றம்தான் காணப்படுகிறது, கிழக்கு ஆப்பிரிக்க மாடு மேய்ப்பவர்களிடம் அதே பகுதியில் வேறு எழுத்து மாற்றங்கள்.

நகல் எடுக்கும்போது தப்பு விழுந்தா?

விழும். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், பாடினவன் பாட்டைக் கெடுத்தான்’ என்பது பாலிமரேஸுக்கும் பொருந்தும். பத்தாயிரம் முதல் லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை விழும். சில நேரம் பிழையை உணர்ந்து ஓரடி பின்வாங்கி, தவறான நுனியை வெட்டிவிட்டு மறுபடி எழுதும். இரட்டித்தலில் சரிபார்ப்பு எல்லாம் முடிந்தபின் நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை அளவில்தான் மிஞ்சும்.

ஏன் இந்தப் பாரபட்சம்? கப்பல் பதிவேட்டுக்கே போவோம். கவுண்டர் என்று சொன்னதை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார், இன்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோவெண்டர். முதலியார் மூட்லி ஆனார். மூலத்தில் விழுந்த பிழை தலைமுறை தலைமுறையாக வரும், அதுதான் மரபணு மாற்றம். என் பாட்டன் வரிக்கு நான் வாங்கிய நகலில் ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. இன்னொரு நகல் வாங்கினேன், சரியாக இருந்தது. படியெடுப்புப் பிழை இரண்டாவது வகை. அந்த நகலோடு அதுவும் அழிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது.

எழுதினதுல பாதிக்கு மேல வெட்டி எறிஞ்சிடுமாமே, அப்புறம் எதுக்கு எழுதணும்?

டிஸ்ட்ரோஃபினுக்கு 22 லட்சம் எழுத்து என்றேன் அல்லவா, வெட்டி ஒட்டியபின் மிஞ்சுவது ஏறக்குறைய 14,000. மரபணுவுக்குள் புரதத்துக்குத் தேவையான துண்டுகள் எக்ஸான்கள், இடையில் கிடப்பவை இன்ட்ரான்கள். இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு இன்ட்ரான்களை நீக்கி எக்ஸான்களை ஒட்டுகிறது செல். நகலின் தலையில் ஒரு தொப்பி, வாலில் 200 வரை ஏ எழுத்துகள். அப்புறம்தான் உட்கருவின் வாசல் திறக்கும். இந்த வெட்டி ஒட்டும் வேலையை 1977-இல் கண்டுபிடித்தவர்கள் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுக்கள். அவர்கள் இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு.

வீண் செலவு போலத் தெரிந்தாலும் இதில் ஒரு லாபம் உண்டு. ஒரே நகலை இடத்துக்கு ஏற்ப வேறு விதமாக ஒட்டலாம். ஒரு மரபணுவிலிருந்து தைராய்டு சுரப்பி கால்சிட்டோனின் என்ற ஹார்மோனைச் செய்கிறது, நரம்பு செல் அதே மரபணுவிலிருந்து ரத்தக் குழாயை விரிக்கும் வேறொரு பொருளைச் செய்கிறது.

வெட்டும் குறி பிசகினால் விளைவு கடுமை. இந்தியாவிலும் இந்திய வம்சாவளியினரிடமும் அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்குக் காரணமான மாற்றம் ஹீமோகுளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில், ஐந்தாவது எழுத்தில் இருக்கிறது, ஜி-க்குப் பதில் சி. வெட்டி எறியப்படும் பகுதியில்தான் பிழை. ஆனால் எங்கே வெட்டுவது என்பதே தடுமாறிப்போகிறது.

டிபி மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து சிறுநீர் செவப்பா போகுது. ரத்தமா?

ரத்தம் இல்லை, மாத்திரையின் நிறம். ரிஃபாம்பிசின் என்ற மருந்து செங்கல் நிறத்தில் இருக்கும். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சுச் சிவப்பாகும். மென் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றி வைத்துவிடுங்கள், கறை போகாது. பயந்துகொண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இந்தப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடம் தந்ததற்குக் காரணம், ரிஃபாம்பிசின் படியெடுப்பைத் தடுக்கும் மருந்து. டிபி கிருமியின் ஆர்.என்.ஏ பாலிமரேஸில் நகல் வெளியேறும் பாதையில் போய்க் குந்திக்கொள்கிறது. இரண்டு மூன்று எழுத்து கோத்ததும் நகலுக்கு மேலே போக வழி இல்லை. புதிய புரதம் இல்லாமல் கிருமி சாகிறது.

அப்ப நம்ம செல்லோட படியெடுப்பையும் அது நிறுத்திடாதா?

நிறுத்தாது. நம் பாலிமரேஸில் அந்த இடத்தின் வடிவம் வேறு, மாத்திரை அங்கே பொருந்தாது.

ஆனால் நர்ஸ் மாணவி இதோடு விடவில்லை: “ஒன்றும் செய்யாது என்றால் ஏன் கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகிறது?” நல்ல கிடுக்கிப்பிடி. ஈரல் செல்லில் வெளிப்பொருள்களை மோப்பம் பிடிக்கும் ஒரு படியெடுப்புக் காரணி இருக்கிறது. ரிஃபாம்பிசின் அதில் ஒட்டியதும், மருந்துகளை உடைக்கும் நொதிகளின் மரபணுக்கள் முன்பைவிடப் பல மடங்கு படியெடுக்கப்படுகின்றன. கருத்தடை மாத்திரையும் சில எச்.ஐ.வி மருந்துகளும் வேகமாக உடைந்து வீணாகின்றன. கிருமியில் படியெடுப்பை அடைக்கும் அதே மாத்திரை நம் ஈரலில் படியெடுப்பைக் கூட்டிவிடுகிறது. இதனால்தான் டிபி சிகிச்சையின்போது டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி மருந்தை ஒரு வேளைக்குப் பதில் இரு வேளை தருகிறார்கள். நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள், கிளினிக்கில் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள்.

ஒரே மாசத்துல இருமல் போயிடுச்சு. அப்புறம் ஏன் ஆறு மாசம்?

சில கிருமிகள் அரைத்தூக்கத்தில் கிடக்கும். படியெடுப்பே அபூர்வமாக நடக்கும்போது அதைத் தடுக்கும் மருந்தால் என்ன செய்ய முடியும்? அவை அவ்வப்போது கொஞ்ச நேரம் விழிக்கும், அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தாக வேண்டும். பாதியில் நிறுத்தினால் மிஞ்சியவை பெருகும். அவற்றில் பாலிமரேஸ் மரபணுவில் எழுத்து மாறியவை இருந்தால் மாத்திரை இனிப் பொருந்தாது.

அந்த எதிர்ப்பு மாற்றங்களில் பெரும்பாலானவை 81 எழுத்து நீளமுள்ள ஒரே துண்டில்தான் விழுகின்றன. 2011 முதல் நம் நாட்டில் பரவலாக வந்த ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனை சளியில் அந்தத் துண்டைப் படித்து, இரண்டு மணி நேரத்துக்குள் டிபி உண்டா, ரிஃபாம்பிசின் கேட்குமா என்று சொல்லிவிடுகிறது.

மழைக்கு அப்புறம் மரத்தடியில மொளைக்கிற காளானைப் பறிச்சுச் சமைக்கலாமா?

உயிரியல் டீச்சரிடம் வேண்டாத கேள்வியா என்று தோன்றும், ஆனால் இதுவும் படியெடுப்புதான். மேற்கு கேப் பக்கம் ஓக் மரங்களின் அடியில் மரணத் தொப்பி என்ற வெளிர்பச்சைக் காளான் முளைக்கிறது, ஐரோப்பாவிலிருந்து மரத்தோடு வந்தது. அதன் அமானிட்டின் நஞ்சு நம் பாலிமரேஸின் உள்ளே மாட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் எழுதியதை நிமிடத்துக்குச் சில எழுத்தாக்கிவிடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. வாந்தி பேதி தொடங்கவே 6 மணி முதல் 24 மணி நேரம் வரை ஆகும். பிறகு ஒரு நாள் தேறியது போலத் தெரியும், அதற்குள் ஈரல் செல்கள் புதிய நகல் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கும். அடையாளம் உறுதியாகத் தெரியாத காளானைத் தொடாதீர்கள்.

எச்.ஐ.வி தலைகீழா படியெடுக்கும்ங்கிறாங்களே, அது என்ன?

அந்த வைரஸின் பதிவேடே ஆர்.என்.ஏ-தான், 10,000 எழுத்துக்குச் சற்றுக் குறைவு. செல்லுக்குள் வந்ததும் அந்த ஆர்.என்.ஏ-வைப் பார்த்து டி.என்.ஏ எழுதும் நொதியைக் கையோடு கொண்டுவருகிறது. இப்படி ஒரு நொதி உண்டு என்று 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் வேறு வைரஸ்களில் காட்டியபோது, செய்தி டி.என்.ஏ-விலிருந்து ஒரு வழியாகத்தான் போகும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் திகைத்தார்கள்.

அந்த டி.என்.ஏ நம் குரோமோசோமுக்குள் செருகப்பட்டுவிடும். பதிவேட்டில் யாரோ ஒரு போலி வரியை ஒட்டிவிட்டுப் போன கதை. அதன்பின் நம் சொந்த பாலிமரேஸே அந்த வரியையும் நகலெடுத்துப் புதிய வைரஸ் செய்து தருகிறது. டெனோஃபோவிர் தலைகீழ்ப் படியெடுப்பைத் தடுக்கிறது, டோலுடெக்ராவிர் செருகலைத் தடுக்கிறது. ஏற்கெனவே செருகப்பட்ட வரியை இந்த மாத்திரைகள் அழிப்பதில்லை. உறங்கும் சில செல்களில் அந்தப் பக்கம் மூடிக்கிடக்கும், படியெடுக்கப்படாத வரை யார் கண்ணிலும் படாது. மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

கொரோனா ஊசி நம்ம டி.என்.ஏ-வை மாத்திடும்னு வாட்ஸ்ஆப்ல வந்துச்சே?

எம்.ஆர்.என்.ஏ என்றால் தூது ஆர்.என்.ஏ. அந்த ஊசியில் இருப்பது வெறும் நகல். பதிவேடு இருக்கும் உட்கருவுக்குள் அது போவதில்லை, வெளியே ரைபோசோமில் படிக்கப்பட்டுச் சில நாளில் முறிந்துவிடும். முந்தைய பதிலில் சொன்ன தலைகீழ் நொதியோ செருகும் நொதியோ ஊசியில் கிடையாது. அந்த நகலைத் தொழிற்சாலையில் எழுதுவதும் ஆர்.என்.ஏ பாலிமரேஸ்தான், பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்தது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்துக்கு மையம் அமைத்த இடம் நம் கேப் டவுன்.

ஒரே தவணையாக ஜான்சன் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அதில் இருந்தது டி.என்.ஏ, அது உட்கருவுக்குள் போய்ப் படியெடுக்கவும்படும். ஆனால் பதிவேட்டோடு ஒட்டாமல் தனிச் சீட்டாகவே கிடந்து மறைந்துவிடும்.

நம்ம நாட்டுக்காரங்க யாராவது இதுல இருக்காங்களா மேம்?

சிட்னி பிரென்னர். 1927-இல் ஜோஹானஸ்பர்க்குக்குப் பக்கத்து ஜெர்மிஸ்டனில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர். பதினைந்து வயதில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1960-இல் அவரும் ஃபிரான்சுவா ஜாக்கோபும் மேத்யூ மெசல்சனும் கலிபோர்னியாவில் செய்த சோதனைதான் தூது ஆர்.என்.ஏ இருப்பதை நிறுவியது. முதலில் சோதனை திரும்பத் திரும்பத் தோற்றது. ரைபோசோம்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. மனம் வெறுத்துக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பிரென்னருக்குப் பொறி தட்டியது: கரைசலில் மக்னீசியம் போதவில்லை. அள்ளிப் போட்டார்கள், நின்றது. அவருக்கு 2002-இல் நோபல் கிடைத்தது இதற்காக அல்ல, ஒரு சிறு புழுவை வைத்துச் செய்த வேறு ஆய்வுக்காக.

ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கருவே இல்லையே, அது எங்கேர்ந்து படியெடுக்கும்?

படியெடுப்பதே இல்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும்போது ஹீமோகுளோபினுக்கான நகல்களை மலை மலையாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கருவை வெளியே தள்ளிவிடும். ரத்தத்துக்கு வந்து ஓரிரு நாளில் அந்த நகல்களும் தீர்ந்துவிடும். மிச்சம் இருக்கும் ஏறக்குறைய 120 நாளும் பழைய புரதத்தை வைத்தே ஓட்டும், பழுது பார்க்க வழியில்லை.

பாலிமரேஸும் ஒரு புரதம்தானே? அதையும் படியெடுத்துத்தானே செய்யணும்? அப்ப முதல் பாலிமரேஸ் எங்கேர்ந்து வந்துச்சு?

ஒன்பதாவது கேள்வியைக் கேட்ட அதே பையன். உயிர் தோன்றிய காலத்துக் கதை வேறு, உன் கதையை மட்டும் சொல்கிறேன் என்றேன். உன்னுடைய முதல் பாலிமரேஸ் உன் அம்மாவின் கருமுட்டையில் இருந்தது. கருமுட்டை வளரும்போதே ஆயிரக்கணக்கான மரபணுக்களைப் படியெடுத்து, நகல்களையும் புரதங்களையும் உள்ளே சேமித்துக்கொள்கிறது. கருவுற்ற முட்டை இரண்டாகி நான்காகும்போது அதன் சொந்தப் பதிவேடு பெரும்பாலும் மூடியே இருக்கும். நான்கு செல்லிலிருந்து எட்டு செல் ஆகும் சமயத்தில், ஏறக்குறைய மூன்றாம் நாள், கருவின் சொந்தப் பக்கங்கள் பெருமளவில் திறக்கின்றன. அதுவரை அது பிழைத்தது அம்மா எடுத்து வைத்த நகல்களில். திறந்தபின் அந்த நகல்களைச் செல் ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டுவிடும்.